முகம் வரையாத ஸுஹறா

வன்னியிலுள்ள நீராவிப்பிட்டியில் முன்ஸிரின் கடைக்குப் பூசணிக்காயில் ஒரு துண்டு கேட்டுப் போகிறவர்கள் சிலநேரம் வெறுங்கையோடு திரும்பவேண்டி வரும். பூசணி இல்லாமல் அல்ல. இருக்கும். கடைக்குப் பின்னால் வீட்டு அறைக்குள், மேசைக்கு மேல் இருக்கும். முன்ஸிரின் மனைவி ஸுஹறா அதற்கு முன்னால் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அதை வெட்ட ஏலாது, பிறகு வாருங்கள் என்று முன்ஸிர் சொல்லி அனுப்பிவிடுவார். சொல்லும்போது மனிதருக்கு வெட்கமும் இல்லை, சலிப்பும் இல்லை. கலியாணம் கட்டிய புதிதில் இருந்திருக்கலாம். இப்போது கத்தரிக்காய் வாடினாலும் சரி, பழம் அழுகினாலும் சரி, மேசைக்குப் போன சாமான் போனதுதான் என்று பழகிவிட்டார்.

ஸுஹறா தையல்காரி. ஊரில் பாதிப் பேரின் அபாயாவும் பள்ளிக்கூடச் சட்டையும் அவள் மெசினில் ஓடியவைதான். ஆனால் காலை வெயில் கிழக்கு ஜன்னலால் உள்ளே வருகிற நேரம் மட்டும் தையலைத் தொடமாட்டாள். மெசினின் மேல் ஒரு ஹார்ட்போர்ட் பலகையைச் சாய்த்து வைப்பாள். வவுனியாவில் வாங்கிய வர்ணக் குழாய்களைக் கஞ்சத்தனமாய்ப் பிதுக்குவாள். எதிரே மேசையில் உள்ளதைப் பார்ப்பாள்.

பார்க்கிறது என்றால் நீங்களும் நானும் பார்க்கிற மாதிரி இல்லை. நாங்கள் பூசணியைக் கண்டவுடனே கறியா கூட்டா என்று யோசிக்கிற ஆட்கள். அவள் பார்க்கப் பார்க்கப் பூசணியின் பெயர் முதலில் போய்விடும். பிறகு விலை போகும், ருசி போகும். ஒரு பச்சை மட்டும் மிஞ்சும். பச்சைக்குள் ஒரு சாம்பல், சாம்பலுக்குள் கொஞ்சம் மஞ்சள். வெயில் அதன் முதுகில் ஏறி, வரிக்கு வரி இறங்கி, காம்படியில் சற்று நேரம் தங்கும். கடையில் யாரோ சீனி கேட்பதும், ரோட்டில் பஸ் போவதும் வேறு எங்கோ ஓர் ஊரில் நடப்பவையாகக் கேட்கும். அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட்டால் "ம்" என்பாள். எழும்பி வரமாட்டாள்.

எல்லாம் வரைவாள், முகம் மட்டும் வரையமாட்டாள். மனிதரும் இல்லை, ஆடு மாடும் இல்லை, குருவியும் இல்லை. உயிர் கொடுக்க ஏலாதவள் உயிருள்ளதை உருவாக்கிப் பார்க்கக்கூடாது என்பது அவள் வளர்ந்த வீட்டின் எண்ணம். அதை அவள் யாருக்கும் போதிக்கப் போனதில்லை, தான் விட்டதும் இல்லை. ஒருமுறை பக்கத்து முன்பள்ளியில், பிள்ளைகள் விளையாடுகிற படம் ஒன்று சுவரில் வரைந்து தரச் சொன்னார்கள். இவள் போய் ஒரு வெறும் ஊஞ்சலும், கிளையில் கொழுவிய புத்தகப் பைகளும், மரத்தடியில் கழற்றிவிட்ட செருப்புகளும் வரைந்து கொடுத்துவிட்டு வந்தாள். பிள்ளைகள் எங்கே என்று ஆசிரியை கேட்டதற்கு, இப்போதுதான் அந்தப் பக்கம் ஓடினவை என்றாளாம். அடுத்த நாள் பார்த்தால் பிள்ளைகள் வரிசையில் நின்று, சுவரில் காலைத் தூக்கி வைத்து, எந்தச் செருப்பு தங்களுடையது என்று அளவு பார்க்கிறார்கள். 

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால், புத்தளத்தில். தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் முழுக்க வெளிக்கிட வேண்டி வந்தபோது ஸுஹறா சின்னப் பெட்டை. உம்மா உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, அது கொதிக்க முந்தி எழும்பி வந்தவ. புத்தளத்துத் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் அவர்களுக்குக் கிடைத்த சாமான்களில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருந்தது. அதன் மூடியில் ஒரு படம். இருட்டுக்கு முன்னால் ஒரு மேசை, கசங்கிய வெள்ளைத் துணி, தண்ணீர் ஊற்றுகிற ஒரு வெள்ளிக் கூசா, கண்ணாடிக் கிண்ணம், தேசிப்பழம் என்கிற எலுமிச்சை பாதி உரித்தபடி ஒன்று. உரித்த தோல் சுருளாய் மேசை விளிம்பால் கீழே தொங்கும். கத்தியின் பிடி விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், தட்டினால் விழுகிற மாதிரி.

பள்ளிக்கூடத்தில் சித்திர பாடம் எடுத்தவர் அந்த மூடியைப் பார்த்துவிட்டு, இது ஒல்லாந்தர் வரைந்த வகை என்றார். இங்கே கோட்டை கட்டிக் கறுவா ஏற்றிக்கொண்டு போன அதே ஒல்லாந்தர்தான். தங்கள் ஊரில் வீட்டுச் சுவர்களில் இப்படிப் படங்களை மாட்டி வைத்தார்களாம். அதற்குள் ஒரு புத்திமதியும் இருக்கிறதாம். பழம் அழுகும், பூ வாடும், வெள்ளிக் கூசாவை விட்டுவிட்டு நீயும் ஒருநாள் போவாய், அதனால் அதிகம் ஆடாதே என்று. ஸுஹறா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் அவளுக்கு அப்படித் தோன்றவே இல்லை. விட்டுவிட்டுப் போவதைப் பற்றி அவளுக்கு ஒல்லாந்தன் வந்தா சொல்லித்தர வேண்டும்?

அவள் பார்த்தது வேறு. அந்தத் தேசிப்பழத்தை உரித்தது யார்? யாரோ அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பாதியில் எழும்பிப் போயிருக்கிறார். அவர் போய் முந்நூறு நானூறு வருடமாகியும் பழம் காயவில்லை. துணியில் அவருடைய கை பட்ட கசங்கல் அப்படியே இருக்கிறது. வந்தால் இருந்து மிச்சத்தை உரிக்கலாம். அப்படியென்றால் உம்மாவின் உலையும் எங்கோ இருக்கத்தானே வேண்டும் என்று அந்தப் பிள்ளை நினைத்தது. மூடியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கொட்டில் மறைந்துவிடும், உப்புக் காற்று நின்றுவிடும். நீராவிப்பிட்டிக் குசினியில் அடுப்பு எரியும், பானை மூடி மெல்ல ஆடும். யாரும் உலையை இறக்கவும் இல்லை, அது பொங்கி வழியவும் இல்லை.

இருபது வருடம் கழித்து முன்ஸிரோடு ஊர் திரும்பியபோது வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் ஒரு வேம்பும்தான் இருந்தன. குசினி எந்தப் பக்கம் என்று உம்மாவுக்கே தடுமாற்றம். ஸுஹறா அந்த அத்திவாரத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். பிறகு கட்டிய புது வீட்டில் அவள் முதன்முதல் வரைந்தது அந்தப் பானையைத்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அழகம்மா வீடு. மலையகத்துத் தோட்டத்தில் பிறந்து, எழுபத்தேழுக் கலவரத்தோடு தாய் தகப்பனின் கையைப் பிடித்து வன்னிக்கு வந்து, காடு வெட்டிய நிலத்தில் கச்சான் கடலை போட்டு வளர்ந்த மனுசி. பேச்செல்லாம் வன்னிப் பேச்சுதான். மனம் கலங்கினால் மட்டும் தாயின் தோட்டத்துத் தமிழ் வாயில் வந்துவிடும். புருசன் சுடலைமுத்து பாம்பு கடித்து முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கிருபன், கடைசிச் சண்டையில், கடற்கரைப் பக்கம் சனத்துக்குள் தாயின் கைப்பிடி விலகிக் காணாமல் போனவன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் செத்ததைக் கண்டவர் இல்லை, இருக்கிறதைக் கண்டவரும் இல்லை. படம் என்று வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் போட்டு வைத்த பை தண்ணீரோடு போய்விட்டது.

ஸுஹறாவும் அழகம்மாவும் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். அதால் கறிவேப்பிலையும் போகும், ஊர்ப் புதினமும் வரும். இரண்டு பேரும் ஆளுக்கொரு அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே இருந்து பழகியவர்கள் என்பதால் சில விஷயங்களை ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. அழகம்மா அவளைத் தங்கச்சி என்பாள், இவள் அக்கா என்பாள்.

கிருபன் போகும்போது சிறு பிள்ளையாய் இருந்த நிசாந்தினிக்கு இந்த வருடம் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளைக்கு ஜெயபுரம். தங்கமான பிள்ளை, அந்தப் பக்கத்தில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கல் படையலில் வந்தது. அழகம்மாவின் ஆட்களிடம் ஒரு வழக்கம், கலியாணத்துக்கு முந்தி வீட்டில் செத்துப்போனவர்களுக்குப் படைக்கவேண்டும். கதவைச் சாத்தி, ஆளுக்கொரு வாழையிலை போட்டு, பக்கத்தில் புது உடுப்பை மடித்து வைத்து, செம்பில் தண்ணீர் வைத்து, அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படைத்துக் கும்பிடுவார்கள். வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரையும் அதற்குக் கூப்பிடுவதில்லை. படைத்ததை முஸ்லிம் ஆட்கள் சாப்பிடமாட்டார்கள் என்பதால் அன்றைக்குப் பொட்டால் ஒரு கிண்ணமும் வராது. இத்தனை வருடம் பக்கத்தில் இருந்தும் ஸுஹறாவுக்கு அந்த இலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போனது அதனால்தான்.

அழகம்மாவின் அண்ணன் செல்வநாயகம், சுடலைமுத்துவுக்கு இலை போடும்போது கிருபனுக்கும் ஒன்று போட்டுவிடச் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. பதினைந்து வருடம் காத்திருந்தது போதும், பெடியனை அந்தரத்தில் விட்டுவிட்டு மங்கள காரியம் செய்யக்கூடாது என்பது அவருடைய நியாயம். அழகம்மா முடியாது என்றாள். தான் இலை போட்டால் தன் கையாலேயே அவனைச் சாகக் கொடுத்த மாதிரி என்றாள். மாப்பிள்ளையை எதிர்கொண்டு கால் கழுவி உள்ளே கூட்டிவர வேண்டியவன் பெண்ணின் சகோதரன். அந்த இடத்தில் சித்தப்பா மகன் ஒருவன் நிற்கப் போகிறான், நிற்கட்டும். ஆனால் கிருபனும் அந்த வீட்டில் இருக்கவேண்டும். செத்தவனாக இல்லை, அண்ணனாக.

அப்படித்தான் ஒருநாள் காலை பொட்டால் வந்து, வெயில் மேசையில் விழுந்து கிடக்கிற நேரத்தில், ஸுஹறாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"தங்கச்சி, அவன்ர முகத்தை நான் சொல்லச் சொல்ல நீ கீறித் தருவியோ?"

ஸுஹறா தூரிகையைக் கீழே வைத்தாள். மனுசி இதுவரைக்கும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டதோ அவளால் தர முடியாத ஒன்று.

"அக்கா, முகம் என்னால ஏலாது. அவன் புழங்கின சாமான்களைக் கீறித் தாறன். அவன் இருக்கிற மாதிரியே இருக்கும்."

சாமான்களை வைத்து என்ன செய்கிறது என்று அழகம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் வேறு வழியில்லாமல் சரி என்றாள். ஸுஹறா கேட்கக் கேட்க ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். தேங்காய்ப்பூ ரொட்டி, காரமான கட்டச் சம்பல் என்றால் உயிர். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிற, பால் விடாத பிளேன்ரீ. இடுப்பில் கட்டுகிற, நீலக் கரை போட்ட சாரம். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் தெளிந்துகொண்டு வந்தது. அன்று அவள் பொட்டால் திரும்பிப் போகும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

ஸுஹறா அடுத்த நாட்களில் வேறு உலகத்தில் இருந்தாள். தையல் வேலையெல்லாம் மூலையில் குவிந்தது. கண்ணால் கண்டிராத ஒரு பெடியனுக்கு மேசை போடுகிறாள், சும்மாவா? மரியாதையாய்ப் போடவேண்டும். கடையிலிருந்து புதுச் சாரம் ஒன்றை எடுத்து, மடிப்புக் கலையாமல் வைத்தாள். ரொட்டியை வட்டம் பிசகாமல் தட்டிச் சுட்டாள். பித்தளைச் செம்பைப் புளி போட்டு மினுக்கித் தண்ணீர் நிரப்பினாள். பித்தளைக்குப் பக்கத்தில் ஒரு பச்சை இருந்தால் கண்ணுக்கு இதம் என்று, முற்றத்து வாழையில் ஓர் இலையை வெட்டி, கழுவித் துடைத்து, ரொட்டியை அதில் வைத்தாள். வெயில் இலைக்குள்ளால் புகுந்து சுவரில் பச்சையாய் விழுந்தது. செம்பின் வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரிந்தது, ஜன்னலுக்குக் கீழே கறுப்பாய் ஒரு புள்ளியாக அவளும் தெரிந்தாள். அவள் தன்னை மறந்து வரைந்தாள். அவ்வளவு அழகான மேசையை அதுவரைக்கும் அவள் போட்டதில்லை.

படம் முக்கால்வாசி முடிந்த காலையில் அழகம்மா வந்தாள். பார்க்க ஆசைப்பட்டு, குளித்து, தலை ஈரத்தோடு வந்திருந்தாள். வாசலில் நின்று முதலில் மேசையைப் பார்த்தாள், பிறகு பலகையைப் பார்த்தாள். இலை, மடித்த புதுச் சாரம், செம்புத் தண்ணீர், தொடாத சாப்பாடு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்புள்ளைக்குப் படைச்சிட்டியே" என்றாள்.

சத்தமே இல்லை அந்தக் குரலில். ஸுஹறா தூரிகையோடு எழும்ப முந்தி அவள் திரும்பிப் போய்விட்டாள். அன்று மாலை பார்த்தால் வேலிப் பொட்டில் ஒரு பனைமட்டை சாத்தியிருந்தது.

செத்தவர்களுக்கு இலை போடுகிற வழக்கத்தையும், கிருபனுக்கு அதைப் போட அழகம்மா மறுத்ததையும் முன்ஸிர்தான் விளக்கினார். ஊரெல்லாம் கொடுத்து வாங்குகிற மனிதருக்கு இதெல்லாம் தெரியும். கடையை விட்டு உள்ளே வந்து மேசையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துவிட்டார். ஒரு வார்த்தை தன்னிடம் கேட்டிருக்கலாமே என்று ஏசினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏச்சை நிறுத்திக்கொண்டார். ஸுஹறா அந்தப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். சொந்த அண்ணன் சொல்லியும் அந்த மனுசி செய்யமாட்டேன் என்று நின்ற ஒன்றைத் தான் புளி போட்டு மினுக்கிச் செய்து வைத்துவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஒரு கிழமையாக மேசை வெறுமையாய்க் கிடந்தது. முன்ஸிர் தானாகவே ஒரு நல்ல மாதுளம்பழத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் ஸுஹறா ரோட்டுப் பக்கத்தால் சுற்றி அழகம்மா வீட்டு வாசல் படலைக்குப் போனாள். அழகம்மா குசினிக்குள் இருந்தாள், வெளியே வரவில்லை. நிசாந்தினிதான் வந்து படலையடியில் நின்றாள். அம்மாவுக்கு உங்களில் கோபம் இல்லை அன்ரி, பயம்தான் என்றாள். அந்த மேசையைப் பார்த்த நேரத்தில், அண்ணா உண்மையாகவே இல்லைத்தான் என்று ஒரு நொடி அம்மா நம்பிவிட்டாவாம். அப்படி நம்பினதற்காகத் தன்னையே நோகிறாவாம். கலியாணத்துக்கு முந்தி மாமா சொன்னபடி இலையும் போட்டுவிடுவாவோ என்று தனக்குப் பயமாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை அழுதது.

 ஸுஹறா படலையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் எப்படிக் குந்தியிருந்து சாப்பிடுவான் என்று மட்டும் கேட்டாள்.

நிசாந்தினிக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்தது.

"எங்க இருந்து சாப்பிட்டவர்? ரோட்டில ஒரு சைக்கிள் பெல் கேட்டால் போதும். பாதி ரொட்டியோட எழும்பி ஓடிடுவார். மிச்சத்தை நான்தான் சாப்பிடுறனான்."

ஸுஹறா வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடித்தான் வந்தாள் என்று சொல்லவேண்டும். தன் புத்தியைத் தானே செருப்பால் அடிக்கலாம் போல் இருந்தது. மரியாதை, மரியாதை என்று எல்லாவற்றையும் முழுசாகவும் புதுசாகவும் வைத்திருந்தாளே! முழு ரொட்டி, கலையாத மடிப்பு, தொடாத தண்ணீர். உயிரோடு இருக்கிற யார் வீட்டு மேசை அப்படி இருக்கும்? தகர மூடியில் பதின்மூன்று வயதில் தான் கண்டதை, ஆள் எழும்பிப் போன அந்த அரைகுறையை, இத்தனை வருடம் பார்த்தும் மறந்துபோனாளே. அந்த ஒல்லாந்தன் இலையில் படைத்து வைக்கவில்லை. பாதி உரித்து வைத்தான்.

இந்த முறை இலை இல்லை, செம்பு இல்லை. விளிம்பில் எனாமல் உதிர்ந்த சாப்பாட்டுக் கோப்பை ஒன்றை எடுத்தாள். ரொட்டி சுட்டு, தானே பாதியைப் பிய்த்து வைத்துப் பார்த்தாள். அப்பட்டமான பொய்யாய் இருந்தது. வேண்டுமென்று பிய்த்த ரொட்டி வேண்டுமென்று பிய்த்த மாதிரியே இருந்தது. அதனால் முன்ஸிரைக் கூப்பிட்டு இருத்திச் சாப்பிடச் சொன்னாள். மனிதர் சந்தோசமாகச் சாப்பிடத் தொடங்கினார். கடையில் யாரோ ஆள் வந்து குரல் கொடுத்தார். வாயில் இருந்ததை விழுங்கிக்கொண்டே அவர் எழும்பினார். அவர் இருந்த கதிரை பின்னால் போய்ச் சரிவாய் நின்றது, சம்பல் கோப்பை விளிம்புவரை இழுபட்டது, பிளேன்ரீ தளம்பி மேசையில் ஒரு வளையம் விழுந்தது. "திரும்பி வராதேங்கோ, அப்பிடியே போங்கோ" என்று ஸுஹறா கத்தினாள். பாவம், அந்தக் கிழமை முழுக்க முன்ஸிருக்குக் காலைச் சாப்பாடு பாதியோடுதான்.

அவர் கழற்றிப் போட்டிருந்த பழைய நீலச் சாரத்தைக் கதிரையின் முதுகில் கிடந்த மாதிரியே விட்டாள். வெயில் வந்தது. கிளாசில் மிஞ்சியிருந்த பிளேன்ரீக்குள் புகுந்து, மறுபக்கம் மேசையில் செம்மண் நிறத்தில் சின்ன வெளிச்சமாய்க் கிடந்தது. அவள் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது முன்ஸிரின் ரொட்டி இல்லை என்றாகியது. பெயர் போனது, நாள் போனது. யாரோ ஒரு பெடியன் இப்போதுதான் இதிலிருந்து எழும்பிப் போகிறான். அவன் கதவைத் தாண்டுகிறான். கதிரையில் இன்னும் சூடு இருக்கிறது. ரோட்டில் எங்கோ சைக்கிள் பெல் அடிக்கிற மாதிரிக் கேட்டது. உண்மையிலேயே கேட்டதா என்று அவளைக் கேட்டால் அவளுக்கும் தெரியாது. பிய்த்த ரொட்டியின் விளிம்பை வரைய அவளுக்கு மூன்று காலை எடுத்தது. எறும்புகள் வரிசையாய் வந்து பனங்கட்டித் துண்டைச் சூழ்ந்தன. எறும்பும் உயிருள்ளதுதானே, அதை மட்டும் வரையாமல் விட்டுவிட்டாள்.

படம் முடிந்தது. ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை. ஒருமுறை அந்த மனுசியைச் சாகடித்தது போதும் என்று இருந்தது. பலகை மெசினின் மேலேயே நின்றது.

அழகம்மா கலியாணம் சொல்ல வந்தாள். நேரில் வந்து சொல்லாத அழைப்பு அழைப்பில்லை. பக்கத்து வீட்டைத் தவிர்த்துவிட்டு ஊருக்குச் சொல்லவும் முடியாது. பொட்டால் வரவில்லை, ரோட்டால், கடை வாசலால் முறையாக வந்தாள். முன்ஸிருக்குச் சொல்லிவிட்டு, ஸுஹறாவுக்கும் சொல்ல அறை வாசலுக்கு வந்தாள். மெசினின் மேல் நின்ற பலகையைக் கண்டாள்.

ஸுஹறா படத்தை மறைக்க எழும்பினாள். மறைக்கத் துணி ஒன்றும் கைக்குக் கிடைக்கவில்லை.

அழகம்மா கிட்ட வந்தாள். சரிந்த கதிரையைப் பார்த்தாள். கதிரை முதுகில் கிடந்த சாரத்தை, பாதி ரொட்டியை, கிளாசை. கை நீட்டித் தொடப் போய், தொடாமல் நிறுத்தினாள்.  ஸுஹறா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாத்தியா இவனை" என்றாள் அழகம்மா. "தேத்தண்ணியையும் பாதில வச்சிட்டு ஓடிட்டான். சாப்பிட்டு எந்திரிடான்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். கேக்கிறானா?"

பதினைந்து வருடமாக அந்த மனுசி மகனை நினைத்து அழுதிருக்கிறாள், விரதம் இருந்திருக்கிறாள், பிள்ளைகளைக் கேட்டு நடக்கிற ஊர்வலத்தில் நின்றிருக்கிறாள். ஏசினதில்லை. காணாமல் போன பிள்ளையை யார் ஏசுவார்கள்? இப்போது ஏச்சு நிற்கவில்லை. கழற்றின சாரத்தை மடித்து வைக்கத் தெரியாதவன், எடுத்த கோப்பையைக் கழுவி வைக்காதவன், தங்கச்சிக்கு எச்சில் ரொட்டியைக் கொடுத்து வளர்த்தவன் என்று வாய் ஓயாமல் ஏசினாள். ஏசிக்கொண்டே நிலத்தில் குந்தி அழுதாள். அழுகைக்குள் சிரிப்பும் இருந்தது. ஸுஹறாவும் பக்கத்தில் இருந்து அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடையில் நின்ற முன்ஸிர் என்னவோ ஏதோ என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, வந்த மாதிரியே போய்விட்டார்.

கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அழகம்மா வீட்டில் கதவைச் சாத்திப் படைத்தார்கள். சுடலைமுத்துவுக்கு ஓர் இலை போட்டார்கள். வேறு இலை போடவில்லை. செல்வநாயகம் அந்த ஓர் இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

கலியாண நாள் காலை பந்தல் முழுக்கச் சனம். மாப்பிள்ளை இறங்குகிற வாசலுக்கு எதிரே, உள்சுவரில், படத்தை மாட்டியிருந்தார்கள். ஜெயபுரத்தார் வந்து பார்த்துவிட்டு, இதென்ன ரொட்டியும் பிளேன்ரீயும் என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். பெண்ணின் அண்ணன் என்று யாரோ சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்களும் கிட்டப் போய் நின்று பார்த்தார்கள். வெயில் உயர்ந்து பந்தல் கிடுகுகளுக்கு இடையால் இறங்கி, சுவரில் வரைந்த வெயிலோடு கலந்தது. எது எந்த வெயில் என்று தெரியாமல் ஸுஹறா பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளம் தொடங்கப்போகிற நேரம் செல்வநாயகம் கையில் ஒரு மல்லிகை மாலையோடு அந்தச் சுவருக்கு வந்தார். போனவர்களின் படத்துக்கு மாலை போடுவது அவருக்குத் தெரிந்த மரியாதை. மனிதரின் கண் கலங்கியிருந்தது. அவர் மருமகன் கிருபனைத் தூக்கி வளர்த்தவர். மாலையை விரித்து, ஆணியில் கொழுவக் கையை உயர்த்தினார்.

மணப்பெண்ணுக்குப் பூச் சரிசெய்துகொண்டிருந்த அழகம்மா அதைக் கண்டாள். சனத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்ணனின் கையைப் பிடித்தாள். கோபமாய் இல்லை. சின்னப் பிள்ளைக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள்.

"மாலை வேணாம்ணே. அவன் இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

செல்வநாயகம் படத்தில் அந்தப் பாதி ரொட்டியைப் பார்த்தார். பிறகு மாலையைக் கொண்டுபோய்ப் பந்தல் காலில் கட்டினார்.